நிலப்படம் உரைக்கும் நீலமலை

உதகைக்கு வடமேற்கே மலை விளிம்பில் அமைந்த சிற்றூர் கிளென்மார்கன். இன்று அங்குச் செல்வோர் தேயிலைத் தோட்டங்களையும் ஒரு நீர்த்தேக்கத்தையும் காண்பர். பைக்காரா ஆற்றுநீர் இத்தேக்கத்தை அடைந்து, குழாய்களின் வழியே ஏறத்தாழ 3000 அடி கீழிறங்கி, அடிவாரத்துச் சிங்காராவில் மின்னாற்றலைப் பிறப்பிக்கின்றது. அம்மின்நிலையம் 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் இவ்விடம் எவ்வாறு இருந்தது? அதனைக் கண்டவர் இன்று இலர். ஆயினும், அளந்து வரைந்த பழைய நிலப்படங்கள் நமக்கு விடை பகரும்.

இந்திய நில அளவைத் துறை 1767இல் தோன்றியது. 1802இல் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, பெரு முக்கோண அளவையைத் தொடங்கினார். 1821, 1822ஆம் ஆண்டுகளில் கேப்டன் வார்டு என்பார் நீலகிரியை அளந்தார். அக்காலத்தார் மலைச்சரிவைச் சிறு கீற்றுகளால் வரைந்து காட்டினர். பின்னர்ச் சம உயரக் கோடுகள் வழக்கிற்கு வந்தன. ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது அக்கோடு. கோடுகள் நெருங்கியிருப்பின் செங்குத்துச் சரிவு, விலகியிருப்பின் மென்சரிவு.

பழம்படத்தையும் புதுப்படத்தையும் அருகருகே வைத்து நோக்குமின். முன்னதில் சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் பின்னதில் தேயிலை இருக்கும். சிற்றோடை ஓடிய பள்ளத்தில் நீர்த்தேக்கம் இருக்கும். அமெரிக்க நாட்டு அப்பலாச்சிய மலைகளில், நிலக்கரிக்காக முகடுகளையே வெட்டி நீக்கிய இடங்கள் உள. அம்முகடுகளின் பண்டை உயரத்தை இன்று உரைப்பனவும் பழம்படங்களே.

எனினும், படம் யாவற்றையும் உரைக்கும் எனக் கருதுதல் பிழை. நீலகிரிப் புல்வெளிகளை ஆங்கில ஆட்சியினர் தரிசு எனக் கருதினர். அவையோ தொதவர்தம் எருமைகள் மேய்ந்த நிலங்கள். தாளில் வெறுமையாகத் தோன்றும் இடம் தரையில் ஒருவர்க்கு வாழ்வாக இருத்தல் கூடும்.

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாது? 2009 நவம்பரில் பெய்த பெருமழையால் நீலகிரியில் மண் சரிந்து, நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓடையை மண்ணிட்டு மூடி நாம் மறந்துவிடலாம். மழைநீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. அவ்வழி எது, சரிவு எத்துணைக் கடியது என்பவற்றை வீடு கட்டுமுன் காட்டவல்லது நிலப்படம்.

மாணவர்களே! நும் ஊரின் படத்தைக் கற்று, ஊர் முதியோரையும் வினவுங்கள். இரண்டும் சேர்ந்தே நிலத்தின் வரலாறு நிறைவுறும்.