விக்கி பேக்கப்: முளைக்குதான்னு பார்த்தீங்களா?

அரியூர் நாடு இருக்கிற கொல்லிமலையில, சாமை, தினை ரகங்களைக் காப்பாத்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் மக்களோடு சேர்ந்து விதை வங்கிகள் அமைச்சது. எடுத்து வைச்ச விதை முளைச்சாத்தான் விதை. விக்கி பேக்கப்பையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்த ரகங்களைப் பத்திப் பெரியவங்க சொல்றதை, சொந்த சர்வர்ல மீடியாவிக்கி நிறுவித் தொகுக்கிறீங்கன்னு வைச்சுக்குவோம். விக்கிப்பீடியா ஓடுற அதே மென்பொருள். சர்வர் போச்சுன்னா, சொன்னவங்ககிட்ட மறுபடி கேட்க முடியாமலே போகலாம்.

எடுக்க வேண்டியது மூணு. ஒன்று, தரவுத்தளம். கட்டுரைகள், திருத்த வரலாறு, பயனர் கணக்குகள் எல்லாம் அதில்தான். மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையால் எடுக்கலாம். இரண்டு, படங்கள் இருக்கிற இமேஜஸ் ஃபோல்டர். மூன்று, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. அதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும், பத்திரம். எக்ஸ்எம்எல் டம்ப் மட்டும் எடுத்தா பயனர் கணக்குகள் வராது. ஒரு பிரதியாவது வேற இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம், வேறொரு கணினியில் அதே பதிப்பை நிறுவி மீட்டுப் பாருங்க. புதிய பதிப்புன்னா அப்டேட் ஸ்கிரிப்டையும் ஓட்டணும். ஒரு கட்டுரை, ஒரு பழைய திருத்தம், ஒரு படம் திறந்து பாருங்க. எழுத்துக் குறியாக்கம் தப்பாயிருந்தா தமிழ் முழுக்கக் கேள்விக்குறியா நிக்கும். அது கண்ணில் படுறப்போ பழைய சர்வர் இன்னும் ஓடிட்டு இருக்கணும். ஒத்திகை அதுக்குத்தான்.