சுமை யாருக்கு, வேலை யாருக்கு?

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும்போதெல்லாம் நம் நாட்டில் மூன்று கோரிக்கைகள் எழுவது வழக்கம். வரியைக் குறைக்க வேண்டும் என்பது ஒன்று. அரசாங்கம் வீண் செலவை நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. வேலை தரவேண்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது. ஆனால், மூன்றும் ஒரே திறைசேரியிலிருந்தே நிறைவேற வேண்டும் என்பதை நாம் பெரும் விலை கொடுத்தே அறிந்துகொண்டோம்.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவ்வரிக்குப் பதிவு செய்யவேண்டிய வருடாந்தப் புரள்வு எல்லை 1.2 கோடி ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. மறுபுறம், 2020இல் வறிய குடும்பங்களைச் சேர்ந்த ஓர் இலட்சம் பேருக்கு அரச தொழில் வழங்கும் திட்டமும் முன்னெடுக்கப்பட்டது. வருவாயைக் குறைத்துக்கொண்டே நிரந்தரச் செலவைக் கூட்டிய இப்போக்கு நீடித்திருக்க முடியாது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதமளவில் இருந்த அரச வருமானம், கொவிட் தொற்றும் சேர்ந்துகொள்ள, ஒரே ஆண்டில் 9 சதவீதமளவுக்குச் சரிந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை நாடு இடைநிறுத்தியது. அவ்வாண்டு எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் உதவிக்கு அங்கீகாரம் அளித்தது. வருமானத்தை உயர்த்துவது அதன் முக்கிய நிபந்தனை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று; எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அதனுள் அடங்கின.

இவ்வரியின் இயல்பைச் சற்று நோக்குவோம். ஓர் எரிவாயுச் சிலிண்டருக்குக் கூலித் தொழிலாளியும் செல்வந்தரும் செலுத்தும் வரி ஒன்றே. செல்வந்தர் தம் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிக்கிறார். தொழிலாளியோ உழைத்ததனைத்தையும் செலவிடுகிறார். எனவே வருமானத்தின் விகிதத்தில் பார்த்தால் வறியவரே அதிகம் செலுத்துகிறார். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2023இல் சனத்தொகையில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் வறுமையில் வாழ்ந்த நாட்டில் இது சிறிய விடயமல்ல.

செலவுக் குறைப்பின் கதையும் இத்தகையதே. சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி ஆகியவற்றில் எந்த அரசாங்கமும் எளிதில் கைவைக்க முடியாது. ஆகவே முதலில் வெட்டப்படுவது மூலதனச் செலவினமே. வீதியும் குளமும் பாடசாலைக் கட்டடமும் பிற்போடப்படுகின்றன. அவற்றை நம்பியிருந்த மேசனும் கூலியாளும் வேலையிழக்கின்றனர்.

இங்குதான் பொதுப்பணி வேலைத்திட்டம் கவனத்துக்குரியதாகிறது. இது அரச நியமனத்திலிருந்து வேறுபட்டது. நியமனம் என்பது பல தசாப்தச் சம்பளமும் அதன்பின் ஓய்வூதியமும் ஆகும். பொதுப்பணிக் கூலி சில மாதங்களுடன் முடிந்துவிடும். செப்பனிடப்பட்ட குளம் ஊரில் எஞ்சும். பெருமந்த காலத்தில் அமெரிக்கா 1935 முதல் 1943 வரை சுமார் 85 இலட்சம் பேருக்கு இவ்வாறு வேலை வழங்கியது. இந்தியா 2005இல் கிராமியக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலையைச் சட்ட உரிமையாக்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நமது கரையோரத் தமிழ், முஸ்லிம் கிராமங்களிலும் வேலைக்குப் பணம் வழங்கும் திட்டங்கள் நடைமுறையில் இருந்தன.

இதற்கு மற்றொரு நன்மையும் உண்டு. 2023இல் அஸ்வெசும பயனாளிகள் தெரிவு இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளைத் தோற்றுவித்தது. மண் சுமக்கும் வேலைக்கோ தேவையுள்ளவரே வருவார். பட்டியல் தயாரிக்கும் சிக்கல் குறையும். எனினும், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது மாற்றாகாது. அவர்களுக்கான நிவாரணம் தொடரவேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் இத்தகைய வேலையை நடத்தினால் வயலுக்கு ஆள் கிடைக்காது. வரவுப் பதிவேடு அரசியல்வாதியின் கைக்குச் சென்றால் பயன் ஆதரவாளர்களுக்கு மட்டுமே கிட்டும்.

2025 நவம்பரில் தாக்கிய டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. வீதிகளையும் குளக்கட்டுகளையும் உடைத்தது. செய்யவேண்டிய வேலை நாடெங்கும் கிடக்கிறது. வேலை தேடும் கைகளும் உள்ளன. இரண்டையும் இணைக்கப் பணம் வேண்டும். அது மீண்டும் வறியவரின் அரிசியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வரக்கூடாது. பெருந்திட்டங்களுக்கு வழங்கப்படும் வரிச்சலுகைகள் மீளாய்வு செய்யப்படவேண்டும். வரி ஏய்ப்போரிடமிருந்து நேர்வரி அறவிடப்படவேண்டும்.

வரிச் சீர்திருத்தம் தேவைதானா என்ற விவாதம் 2022உடன் முடிந்துவிட்டது. யார் செலுத்துவது, யாருக்காகச் செலவிடுவது என்பதே எஞ்சியுள்ள கேள்வி. அதற்கு நேர்மையான விடை கூறுவது ஆட்சியாளரின் கடமை. அவ்விடையைக் கேட்டுப்பெறுவது வரி செலுத்தும் நம் ஒவ்வொருவரதும் உரிமையாகும்.