அருமண்ணும் ஓர் ஊரின் வழக்கும்

‘அருமண்’ என்னும் சொல் அண்மைக் காலத்துச் செய்தித்தாள்களில் மிகுதியாக அடிபடும் சொற்களுள் ஒன்று. பெயரை மட்டும் நோக்கின், கிடைத்தற்கரிய மண் என்று பொருள்படும். உண்மையில் அவற்றுட் பல அத்துணை அரியன அல்ல. சீரியம் என்னும் அருமண் உலோகம், நிலவுலகின் மேலோட்டில் செம்புக்கு ஒப்பான அளவில் இருக்கிறது. ஆகவே அரிதாயிருப்பது பொருளன்று; அதனைப் பிறவற்றினின்றும் பிரித்தெடுக்கும் வேலையே. உடன்பிறந்தாரைப் போல ஒத்த குணமுடைய தனிமங்கள் பல, ஒரே மணலில் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கும்போது, அழையா விருந்தாளி ஒன்றும் உடன் வருகிறது. அதன் பெயர் தோரியம். பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்கு அருகிலுள்ள புக்கிட் மேரா என்னும் சிற்றூர் மக்கள் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் மல்லுக்கு நின்றது இந்த விருந்தாளியோடுதான்.

கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்த நிலம் என்பதை நாடறியும். லம்பங்களில் மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்த பின்னர், கனத்த கருமணல் எஞ்சும். மலாய் மொழியில் அதனை ‘அமாங்’ என்பர். தொழில் வட்டாரத்தில் எல்லா மொழியினரும் அப்பெயரையே வழங்குவர். நெடுங்காலம் இது ஒதுக்கித் தள்ளப்பட்ட கழிவாகவே இருந்தது. இல்மனைட்டு, சிர்க்கோன், மோனசைட்டு, செனோடைம் முதலிய கனிமங்கள் இதனுள் உள்ளன. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி பரவிய பிறகு, திரையில் செந்நிறம் தோன்றுவதற்கு இட்ரியம் என்னும் அருமண் தேவைப்பட்டது. அத்தேவை வந்ததும் கழிவு சரக்காயிற்று.

தமிழருக்கு மோனசைட்டு முற்றிலும் புதிய பொருளன்று. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், குமரி முனைக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சியிலிருந்து சென்ற தென்னை நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் அதற்கிருந்த மதிப்பெல்லாம் தோரியத்தின் பொருட்டே. திருமண ஊர்வலங்களில் தலைமேல் சுமந்து சென்றார்களே பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதன் வலைத்திரி வெள்ளொளி வீசியது தோரியத்தின் துணையால்தான். ஆக, ஒரு காலத்தில் தோரியத்துக்காகவே தேடப்பட்ட மணல், பிற்காலத்தில் இட்ரியத்துக்காகத் தேடப்பட்டபோது, தோரியம் வேண்டாப் பொருளாய் ஒதுக்கப்பட்டது. மின்விளக்கு வந்த பின் வலைத்திரியை நாடுவார் குறைந்தனர்.

தோரியம் கதிரியக்கம் உடையது. கதிரியக்கம் என்பது யாதெனில், அணுவின் கரு தானாகவே சிதைந்து துகள்களையும் கதிர்களையும் வெளிவிடுதலாம். ஒரு பங்கு தோரியத்தில் பாதி சிதைவதற்குச் சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருளால் தீங்கு என்ன என்று சிலர் வினவுவர். அவ்வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. தோரியம் வெளிவிடும் ஆல்பாத் துகளை ஒரு தாள் தடுத்துவிடும். மேற்றோலைக் கடக்கவும் அதற்கு வலிமையில்லை. ஆனால், அப்பொருள் நுண்பொடியாகி மூச்சோடு உள்ளே சென்று நுரையீரலில் தங்கிவிட்டால், நடுவில் தாளும் இல்லை, தோலும் இல்லை. மேலும், தோரியம் ஒரே பாய்ச்சலில் ஈயமாகி விடுவதில்லை. இடையே ரேடியம் முதலிய பல படிகளைக் கடக்கிறது. அப்படிகளுள் ஒன்று தோரான் என்னும் வாயு. இன்னொரு படியில் வெளிப்படும் காமாக் கதிர் சுவரையும் ஊடுருவும். கழிவைக் குவித்து வைத்த இடத்தில் இவை யாவும் ஒருங்கே நிகழ்கின்றன. நூல்களில் ‘குறைந்த கதிரியக்கம்’ என்று எழுதப்படுவதைப் படிப்போர், குவியலின் அளவையும் அது கிடக்கும் இடத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

‘ஏஷியன் ரேர் எர்த்’ என்னும் கம்பெனி 1979-இல் தோற்றுவிக்கப்பட்டது. ஜப்பானிய மிட்சுபிஷி இரசாயனக் கம்பெனியும், உள்நாட்டுக் கனிமக் கம்பெனியான பி.இ.எச். மினரல்சும், ஹஜ் யாத்திரிகர் சேமிப்பு வாரியமான தாபோங் ஹாஜியும் இதில் முக்கியப் பங்குதாரர். 1982-இல் புக்கிட் மேராவில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. தோரியக் கழிவைத் தூக்கி எறியும் எண்ணமும் அப்போது இல்லை. வருங்காலத்தில் அணு உலைக்கு அது எரிபொருளாகலாம் என்று கருதிச் சேமித்து வைக்கவே திட்டமிட்டனர். எங்கே சேமிப்பது என்பதில்தான் தொல்லை பிறந்தது.

முதலில் குறிக்கப்பட்ட இடம் பாரிட். ஊரார் எதிர்க்கவே அது கைவிடப்பட்டது. அடுத்துக் குறிக்கப்பட்ட இடம் பப்பான் என்னும் பழைய ஈயச் சுரங்கப் பட்டணம். அங்கே பள்ளங்கள் தோண்டப்படுவதைக் கண்ட மக்கள் 1984-ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கில் திரண்டனர், சாலையை மறித்தனர், பின்னர் உண்ணாவிரதமும் இருந்தனர். அவர்கள் கேட்டது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. இந்தப் பள்ளம் ஒழுகாதா என்பதே அவர்தம் கேள்வி. அவ்வாண்டின் பிற்பகுதியில் அனைத்துலக அணுசக்தி அமைப்பின் நிபுணர்கள் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் வந்து பார்த்தனர். பள்ளங்கள் தக்க பாதுகாப்போடு கட்டப்படவில்லை என்று அவர்களும் கண்டனர். 1985 ஜனவரியில், தற்காலிகப் பிரதமர் பொறுப்பிலிருந்த மூசா ஹீத்தாம், கழிவிடம் பப்பானிலிருந்து கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றப்படும் என அறிவித்தார். ஏட்டறிவு மிகுதியாக இல்லாத சிற்றூரார் ஐயுற்றதும், உலக நிபுணர்கள் கருவி வைத்து அளந்து கண்டதும் ஒன்றாயிருந்தமை நினைத்தற்குரியது.

பப்பான் மக்களின் கவலை தீர்ந்தது. ஆயின் புக்கிட் மேரா மக்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கழிவு வரப்போவதன்று, வந்து கிடப்பது. தொழிற்சாலை ஊரை ஒட்டியே நின்றது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சகாபாட் ஆலாம் மலேசியா என்னும் இயற்கைக் காப்பு இயக்கமும் இவர்களுக்குத் துணை நின்றன.

1984-இன் இறுதியில் ஜப்பானிலிருந்து சாடாவோ இச்சிகாவா என்னும் பேராசிரியர் வந்து, தொழிற்சாலைச் சூழலில் கதிரியக்கத்தை அளந்தார். சில இடங்களில் அது ஏற்கத்தக்க அளவினும் பன்மடங்கு மிகுந்திருப்பதாகக் கண்டார். இப்பேராசிரியர் மரபணுவியல் அறிஞர். கதிரியக்கத்தின் விளைவைப் பூவில் படித்தவர் இவர் என்றால் வியப்பாயிருக்கும். டிரடெஸ்காண்டியா என்றொரு செடி உண்டு. அதன் மகரந்தத் தாளில் நுண்ணிய மயிர்கள் இருக்கும். ஒவ்வொரு மயிரும் நீலநிற உயிரணுக்கள் மணிமாலைபோல் கோத்தது. மரபணுவில் மாற்றம் நேர்ந்தால், அவ்வணு நீலம் மாறி இளஞ்சிவப்பாகும். கண்ணுக்குப் புலப்படாத கதிரை, நிறம் மாறிய அணுக்களை எண்ணிக் கணக்கிடலாம். ஜப்பானின் அணு மின்நிலையங்களைச் சுற்றி இச்செடியை வளர்த்து இவர் செய்த ஆராய்ச்சிகள் பெயர்பெற்றவை. பள்ளியில் உயிரியல் கற்பிப்போர் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்க முறை இது.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எண்மர், தமக்காகவும் ஊரார் அனைவர்க்காகவும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். இங்கே சட்டத்தின் நுட்பம் ஒன்றை விளக்குதல் வேண்டும். ஒருவன் தன் நிலத்தில் தான் விரும்பியதைச் செய்யலாம். ஆனால் அதனால் அயலான் தன் மனையில் அமைதியாக வாழ்வதற்கு இடையூறு நேரலாகாது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய நெறி இது. அணைக்கட்டின் நீர் உடைத்துக்கொண்டு அடுத்தவன் சுரங்கத்தில் பாய்ந்த வழக்கு ஒன்றில், அபாயமான பொருளைக் கொண்டுவந்து வைத்தவனே அது தப்பிச் சென்றால் பொறுப்பாவான் என்று 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தீங்கு நேர்ந்த பிறகுதான் மன்றம் செல்லவேண்டும் என்பதும் இல்லை. நேரப்போகிறது என்று அஞ்சுதற்குக் காரணம் காட்டினால், முன்கூட்டியே தடை கேட்கலாம். நோய் வந்தபின் பெறும் நட்டஈட்டினால் பயன் யாது?

1985 அக்டோபர் 14-இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தொழிற்சாலை தக்க பாதுகாப்புச் செய்யும்வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்குவதும் வைத்திருப்பதும் கூடாது என்பது உத்தரவு. இதற்கிடையே அணுசக்தி உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் உரிமம் வழங்க, 1987 பிப்ரவரியில் தொழிற்சாலை மீண்டும் இயங்கிற்று. ஆக, ஒரே ஊரில் ஒரே தொழிற்சாலையைப் பற்றி நீதிமன்றம் ஒரு சொல்லும் வாரியம் வேறொரு சொல்லும் கூறிய நிலைமை உண்டாயிற்று. இச்சிக்கலே பின்னர் வழக்கின் முடிவையும் தீர்மானித்தது.

1987 செப்டம்பரில் முழு விசாரணை தொடங்கியது. ஊரார் திரளாக ஈப்போவுக்கு நடந்தே சென்று நீதிமன்றத்தின் முன் கூடினர். அடுத்த மாதம் 27-ஆம் நாள் ‘ஓப்பராசி லாலாங்’ என்னும் கைது நடவடிக்கை வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் புக்கிட் மேரா நடவடிக்கைக் குழுவின் தலைவர்களும், ஊராருக்குச் சட்டத்துணையாயிருந்த வழக்கறிஞர் மீனாட்சி இராமனும் இருந்தனர். விசாரணை நிற்கவில்லை. 1990 வரை தவணை தவணையாக, மொத்தம் 65 நாட்கள் நடந்தது.

மருத்துவர் ஜெயபாலன் ஊர்க் குழந்தைகளின் உடல்நிலையை ஆராய்ந்தவர். கனடாவிலிருந்து ரோசலி பெர்டெல் அம்மையார் வந்து ஊரார் பக்கம் சாட்சியம் அளித்தார். கம்பெனியின் பக்கத்தும் நிபுணர்கள் இருந்தனர். கதிரியக்கம் விதித்த எல்லைக்குள்ளேயே உள்ளது என்பது அவர்கள் கூற்று. சுமார் 11,000 பேர் வாழும் பகுதியில் ஐந்தாண்டுகளில் எண்மருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது என ஊரார் கூறினர். அதற்குத் தொழிற்சாலை காரணமன்று எனக் கம்பெனி மறுத்தது. சிறிய ஊரில் சிலருக்கு வந்த நோயைக் கணித முறையால் ஒரு காரணத்தோடு பிணைப்பது எந்த நாட்டிலும் கடினம். எண்ணிக்கை சிறிதாயிருப்பதால் தற்செயல் என்று தள்ளவும் முடியும். சிறிதாயிருப்பதாலேயே காரணத்தை நிறுவவும் முடியாது. தாய்மார்க்கு இவ்விளக்கம் ஆறுதலாகாது.

1992 ஜூலை 11-இல் நீதிபதி பே சுவீ சின் தீர்ப்பளித்தார். ஊரார் வென்றனர். பதினான்கு நாட்களில் தொழிற்சாலையை மூடவேண்டும் என்பது கட்டளை. கம்பெனி மேன்முறையீடு செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அக்கட்டளையை நிறுத்தி வைத்தது. 1993 டிசம்பர் 23-இல் தீர்ப்பே மாற்றப்பட்டது. உரிமம் வழங்கவும் நீக்கவும் அதிகாரம் படைத்த அணுசக்தி வாரியம் இருக்கும்போது, ஊரார் முதலில் அங்கேயே முறையிட்டிருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் காட்டிய காரணங்களுள் ஒன்று. எந்த வாரியத்தின் உரிமத்தைக் கொண்டு தொழிற்சாலை மீண்டும் இயங்கிற்றோ, அவ்வாரியத்தின் வாயிலுக்கே ஊரார் அனுப்பப்பட்டனர். சட்டநெறிக்கு இது பொருந்தலாம். ஊராருக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வென்ற கம்பெனி வென்றதை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதமும் ஆகுமுன், 1994 ஜனவரி 19-இல், தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. வழக்கில் தோற்றவர் கேட்டது கிடைத்தது. 2012-இல் குவாந்தான் அருகே லைனாஸ் கம்பெனியின் அருமண் ஆலைக்கு உரிமம் வந்தபோது, குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் வரை சுமார் 300 கிலோமீட்டர் நடந்து சென்றவர்களின் வாயில் புக்கிட் மேராவின் பெயர் இருந்ததில் வியப்பில்லை.

கதவடைத்தால் கதிரியக்கம் அடங்காது. துப்புரவுப் பணி பல ஆண்டுகள் ஆயிற்று. அதற்கான செலவு சுமார் பத்துக் கோடி அமெரிக்க வெள்ளி என்று 2011-இல் செய்திகள் வெளியாயின. தன்மேல் பொறுப்பு இல்லை என்று கூறியவாறே, மிட்சுபிஷி கம்பெனி ஊர்ப் பள்ளிகளுக்கு நன்கொடையும் வழங்கியது. அசுத்தமான மண் பதினோராயிரம் லாரிச் சுமையளவு அகற்றப்பட்டது. கதிரியக்கக் கழிவு எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டது. கிளேடாங் மலைத்தொடரில் ஒரு குன்றின் தலையை வெட்டி, அதன் வயிற்றில் அவற்றை அடுக்கி, மேலே களிமண்ணும் கல்லும் இட்டு மூடும் வேலையை, காப்புடை அணிந்த தொழிலாளர்கள் செய்தனர். 1984-இல் பப்பான் மக்கள் சாலையில் அமர்ந்து, ஒழுகாதா என்று கேட்டது இத்தகைய கழிவைப் பற்றியே.