வண்டியில் ஏறிய வெயில்

குழந்தைகளே! நடுப்பகலில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் செருப்பில்லாமல் கால் வைத்திருக்கிறீர்களா? "ஐயோ!" என்று துள்ளியிருப்பீர்கள். அவ்வளவு வெயிலும் நமக்கு இலவசம்! அதை ஒரு வண்டியில் ஏற்றினால் மின்விசிறி சுற்றுமா? இட்லி வேகுமா? வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் 'கேரவன்' வண்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே படுக்கை, விளக்கு, ஏ.சி. என்று ஒரு வீடே இருக்கும். ஆனால் மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் தடதடவென்று புகை கக்கிக்கொண்டிருக்கும். புகையில்லாமல் முடியாதா? முடியும் என்று காட்டினார்கள் நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள். 2021-ல் அவர்கள் செய்த 'ஸ்டெல்லா வீட்டா' என்ற வண்டிக்குள் படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. நிறுத்திவிட்டுக் கூரையைத் தூக்கி விரித்தால் சூரியத் தகடுகளின் பரப்பு 17.5 சதுர மீட்டர் ஆகிவிடும். அந்த வண்டியிலேயே ஸ்பெயின் நாட்டின் தென்கோடி வரை போய்ச் சேர்ந்தார்கள்!

இது எப்படி நடக்கிறது? சூரியத் தகட்டின் மீது ஒளி பட்டால் மின்சாரம் உண்டாகிறது. அதை பேட்டரி சேமித்து வைக்கிறது. பேட்டரியில் இருப்பது நேர்மின்சாரம். நம் வீட்டு மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் வேண்டியது 230 வோல்ட் மாறுமின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டர்.

இனி கணக்கு. நம் வண்டியின் கூரையில் 400 வாட் தகடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் 5 மணி நேரம் என்றால் 400 x 5 = 2,000 வாட்-மணி. தூசி, சூடு, இன்வெர்ட்டர் இவற்றால் கால் பங்கு வீணாகும் என்று கழித்துவிடுங்கள். கையில் மிஞ்சுவது 1,500. இதுதான் நமது ஒரு நாள் சம்பளம். செலவைப் பார்ப்போமா?

மின்விசிறி 75 வாட், 8 மணி நேரம்: 600.
9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 5 மணி நேரம்: 90.
சிறிய குளிர்பெட்டி, ஒரு நாளுக்கு ஏறக்குறைய: 500.
750 வாட் மிக்ஸி, 10 நிமிடம்: 125.
நான்கு செல்போன்களுக்கு: 60.

கூட்டினால் 1,375. சம்பளத்துக்குள் குடும்பம் நடந்துவிட்டது! இப்போது 2,000 வாட் மின் அடுப்பை ஒரே ஒரு மணி நேரம் போடுங்கள். 2,000 போய்விடும், மாதம் பிறக்கும் முன்பே கடன்! சுற்றுகிற சாதனமும் ஒளி தருகிற சாதனமும் சிக்கனக்காரர்கள். சூடு போடுகிற சாதனம் பெருந்தீனிக்காரன். இதை மறக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. சித்திரை மாதக் கத்திரி வெயிலில்தான் தகடு அதிகம் வேலை செய்யும் என்று நினைப்பீர்கள். தகட்டுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. தகடு சூடேற ஏற அதன் திறன் குறையும். ஆகவே வெயில் பளிச்சென்று அடித்து, காற்றும் குளுகுளுவென்று வீசும் நாள்தான் அதற்குத் திருவிழா!

சரி, சூடு போடுகிற வேலையைச் சூரிய வண்டியிடம் தரவே முடியாதா? இதற்கு விடை தந்தவர் உங்களைப் போன்ற ஒரு பள்ளி மாணவி. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், துணி தேய்ப்பவர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதைப் பார்த்தார். அந்தப் புகையும் சாம்பலும் அவரை யோசிக்க வைத்தன. 12 வயதில் சூரிய சக்தி இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 5 மணி நேர வெயில் இருந்தால் 6 மணி நேரம் தேய்க்கலாம்.

இஸ்திரிப் பெட்டியும் சூடு போடும் சாதனம்தானே என்று கேட்கிறீர்களா? சபாஷ்! பெட்டி போதிய அளவு சூடானதும் மின்சாரத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆறினால் மறுபடி எடுத்துக்கொள்ளும். அது மட்டுமல்ல, அந்த வண்டி தன் சம்பளம் முழுவதையும் ஏறக்குறைய ஒரே வேலைக்குச் செலவிடுகிறது. வினிஷாவுக்கு 2020-ல் சுவீடன் நாட்டின் சிறுவர் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார்.

இந்தக் கதையை எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் துணி தேய்ப்பவரிடம் சொன்னேன். கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். அவருக்கு வருடக் கணக்காக இருமல். "நல்லாத்தான் இருக்கு சார். மழை பெஞ்சா என்ன செய்றது? வண்டி என்ன விலை ஆகும்?" என்றார். மழைக்கு விடை சொன்னேன்: வீட்டு மின்சாரத்தில் முதல் நாள் இரவே பேட்டரியை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். விலைக்கு என்னிடம் விடை இல்லை. அவர் பெட்டியிலிருந்த கரியை ஊதிவிட்டு, என் சட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார், மறுபடியும் இருமினார்.

அவர் வாங்கக்கூடிய விலையில் அந்த வண்டியைச் செய்யப்போவது யார்? நீங்கள்தான், கண்மணிகளே!

அதற்கு முதல் பாடம் இன்றே தொடங்கட்டும். அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்திலும் எழுதியிருக்கும் வாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அதனால் பெருக்குங்கள். 1,000 வந்தால் ஒரு யூனிட். பேட்டரியையும் வயரையும் மட்டும் தொட வேண்டாம். உங்கள் வீட்டின் பெருந்தீனிக்காரன் யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா?