ஈரி ஏரித் தீவுகளின் நீர்ப்பாம்பும் நோவாவின் உடன்படிக்கையும்

அருகிவரும் ஓர் உயிரினத்திற்குச் சட்டத்தின் காவல் தேவையா, தேவையில்லையா என்று ஓர் அரசு ஆய்ந்து முடிவு செய்வது இறையியல் ஏடு ஒன்றில் இடம்பெறத்தக்க பொருள்தானா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அவ்வுயிரினம் பாம்பாகவும் இருந்துவிட்டால் ஐயம் இன்னும் வலுப்பெறும். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பயின்ற செவிகளுக்குப் பாம்பு வெறும் பிராணியன்று. அது வீழ்ச்சியின் சின்னம், பகைவனின் உருவம். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு நீர்ப்பாம்பைக் குறித்து 1999ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எடுக்கப்பட்ட இரு முடிவுகள், படைப்பைப்பற்றிய நம் போதனையை உரசிப்பார்க்க உதவுவன என்று கருதுகிறோம். ஓர் உயிர் மண்ணில் நிலைத்திருப்பதற்கு அது நமக்கு விருப்பமானதாகவோ பயன்தருவதாகவோ இருக்கவேண்டுமா என்பதே அம்முடிவுகளின் அடியில் கிடக்கும் வினா.

முதலில் சட்டத்தை நோக்குவோம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான அமெரிக்கச் சட்டம் 1973ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சனால் கையொப்பமிடப்பட்டது. ஓர் இனத்தைப் பட்டியலில் சேர்க்குமாறு குடிமக்களில் எவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வந்தபின், மீன், வனவிலங்குத் துறை ஐந்து காரணங்களை ஆராயவேண்டும்: வாழிடம் அழிகிறதா, வணிகம் முதலியவற்றிற்காக அவ்வினம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறதா, நோயாலோ, இரையாகப் பிடிபடுவதாலோ குறைகிறதா, இருக்கின்ற சட்டங்கள் போதாதவையா, இயற்கையாலோ மனிதராலோ வேறு கேடு உண்டா. இவற்றுள் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டாலும் போதும். அழிவின் விளிம்பில் நிற்பது ஒருவகை. விரைவில் அந்நிலையை எட்டக்கூடியது, அதாவது அச்சுறுத்தலுக்குள்ளானது, மற்றொருவகை. கிடைக்கக்கூடிய சிறந்த அறிவியல் சான்றுகளை மட்டுமே கொண்டு முடிவு செய்யவேண்டும் என்பது 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் திட்டவட்டமாக்கப்பட்டது. காவலால் எவருக்கு எவ்வளவு பொருள் இழப்பு என்ற கணக்கு இந்தக் கட்டத்தில் நுழைய இடமில்லை.

இச்சட்டம் கேளாமல் விடும் வினாக்களே நம் கருத்தைக் கவர்கின்றன. அப்பிராணி அழகியதா? மனிதருக்கு உதவுமா? மக்கள் அதை நேசிக்கின்றனரா? இவற்றுள் எதையும் சட்டம் கேட்பதில்லை. விலக்கு ஒன்று உண்டு. மனிதருக்கு மிகப்பெரும் கேடு விளைவிக்கும் பூச்சியினம் என்று தீர்மானிக்கப்பட்டதற்குக் காவல் இல்லை. அவ்விலக்கு பூச்சிகளோடு நின்றுவிடுகிறது. நச்சுப்பாம்புக்கும் அது பொருந்தாது. அரசியல் மன்றம் ஒன்றில் பெரும்பாலும் பழுப்புக்கழுகையும் கரடியையும் மனத்திற்கொண்டு இயற்றப்பட்டிருக்கக்கூடிய ஒரு சட்டம், தன் சொற்களின் வலிமையால் தவழ்வனவரை எட்டிவிட்டது.

இனி அந்தப் பாம்பு. ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில், ஒஹாயோ மாநிலத்திற்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திற்கும் இடையே, சுண்ணாம்புப் பாறைகளாலான தீவுக்கூட்டம் ஒன்று உள்ளது. கெல்லீஸ் தீவு, சவுத் பாஸ், மிடில் பாஸ், நார்த் பாஸ் என்பவை அமெரிக்கப் பகுதியில் பெரியவை. கனடாப் பகுதியில் பீலி தீவு பெரியது. பண்டு அங்கு வந்த பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பாம்புத் தீவுகள் என்றே அழைத்தனராம். கரையோரப் பாறைகளில் வெயில்காய்ந்தும், ஏரியில் மூழ்கி மீன்பிடித்தும், குளிர்காலத்தில் பாறை வெடிப்புகளுள் ஒடுங்கியும் வாழ்வது இப்பாம்பு. முட்டையிடாமல் குட்டி ஈனும். பிடித்தால் சீற்றத்துடன் கடிக்கும்; ஆனால் அதற்கு நஞ்சு இல்லை. பெருநிலத்திலுள்ள அதன் உறவினத்திற்கு உடல் முழுதும் தெளிவான பட்டைகள் உண்டு. தீவுகளில் பலவற்றிற்கு அப்பட்டைகள் மங்கியோ இல்லாமலோ போய், வெளிறிய சாம்பல் நிறமே எஞ்சியுள்ளது. வெண்பாறையின்மேல் பட்டையற்ற பாம்பு பறவைகளின் கண்ணுக்கு எளிதில் தென்படாது என்பதால் இவ்வாறு நேர்ந்தது என்று காமின், ஏர்லிக் என்னும் ஆய்வாளர் இருவர் 1958ஆம் ஆண்டில் விளக்கினர். அதுமுதல் இப்பாம்பு இயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் இடம்பெற்று வருகிறது. 1937ஆம் ஆண்டிலேயே இது தனி உள்ளினமாக விவரிக்கப்பட்டிருந்தது. சட்டம் இனத்தோடு உள்ளினத்தையும் காக்க இடங்கொடுப்பதால்தான் இதன் வழக்கே எழ முடிந்தது.

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இப்பாம்பு அச்சுறுத்தலுக்குள்ளானதாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கத் தீவுகளில் வளர்ந்த பாம்புகள் அப்போது ஏறத்தாழ 1,500 அளவுக்குக் குறைந்திருந்தன. கோடைக்கால இல்லங்கள் பெருகிக் கரை மாறிவந்தது ஒரு காரணம். ஆனால் முன்னிற்கும் காரணம் அதுவன்று. தீவு வாழ்நரும் விருந்தினரும் கண்ட இடத்தில் இவற்றை அடித்துக் கொன்றனர். இவற்றின் இறைச்சிக்கோ தோலுக்கோ சந்தையில்லை. கடிபட்டு எவரும் மாண்டதுமில்லை. பாம்பு என்பதொன்றே போதிய குற்றமாயிற்று.

இங்கே இறையியல் மாணவர் சற்று நின்று எண்ணவேண்டும். வெறுப்பினால் ஓர் இனம் அருகிப்போகும்போது, அவ்வெறுப்புக்கு வேதாகமத்தின் ஒப்புதல் உண்டு என்று மக்கள் நினைத்தால், அதற்கு மறுமொழி கூறவேண்டியவர் போதகர். தீவினர் அனைவரும் ஆதியாகமத்தை எண்ணிக்கொண்டே தடியெடுத்தனர் என்று நாம் சொல்லவில்லை. பாம்பின்மேல் வரும் அச்சம் எந்த மறைநூலையும்விடப் பழையது. ஆயினும் ஆதி. 3:15ஐ மேற்கோள் காட்டி, பாம்பின் தலையை நசுக்குதல் கிறிஸ்தவனுக்கு இட்ட கடமை என்பதுபோல் பேசுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம்.

அவ்வசனம் அவ்வாறு கூறவில்லை. எபிரேய மூலத்தில் பெண்ணின் வித்து பாம்பின் தலைக்குச் செய்வதற்கும், பாம்பு அவ்வித்தின் குதிகாலுக்குச் செய்வதற்கும் ஒரே வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பும் ஈரிடத்திலும் ஒரே வினையை வைத்தது. அவர்கள் தெரிந்துகொண்ட சொல்லின் பொருள் உற்றுநோக்கிக் காத்திருத்தல் என்பதாகும். ஆக, அங்கு நாம் காண்பது ஒரு கட்டளையன்று. வீழ்ச்சிக்குப்பின் படைப்பில் புகுந்த கேட்டைப்பற்றிய துயரமான அறிவிப்பு. பகை என்பது சாபத்தின் ஒரு பகுதி. முள்ளும் குருக்கும், வேதனையோடு பிள்ளைபெறுதலும் அதே சாபத்தில் அடங்கியவை. பேறுகால வேதனையைக் குறைக்க மருத்துவமனைகளைக் கட்டிய திருச்சபை, பகையைமட்டும் பேணிக் காக்கவேண்டும் என்று வாதிடுவது பொருந்துமா? இரண்டாம் நூற்றாண்டு ஐரேனியு முதலாகத் திருச்சபையின் தந்தையர் இவ்வசனத்தில் கிறிஸ்துவின் வெற்றியைக் கண்டனர். அவ்விளக்கத்தை நாமும் மதிக்கிறோம். ஆனால் அவ்விளக்கத்தின்படியே பகைவன் சாத்தான்; வயல்வரப்பில் ஊரும் பிராணியன்று. ரோமர் 16:20இல் பவுல் அவனை நசுக்குபவராகக் குறிப்பது சமாதானத்தின் கடவுளை. நம் கைத்தடிக்கு அங்கு வேலையில்லை.

இதைவிட முதன்மையான பகுதி ஆறாம் அதிகாரத்திலிருந்து ஒன்பதாம் அதிகாரம்வரை உள்ளது. பேழைக்குள் வந்தவற்றுள் தரையில் ஊரும் பிராணிகளும் உண்டு என்று ஆசிரியர் திரும்பத் திரும்பக் கூறுகிறார். ஆதி. 7:2இல் சுத்தமானவை, சுத்தமல்லாதவை என்ற வேறுபாடு வருகிறது. அவ்வேறுபாடு எதைத் தீர்மானிக்கிறது என்று கூர்ந்து பார்த்தால் வியப்பு ஏற்படும். அது எண்ணிக்கையைத்தான் மாற்றுகிறது. சுத்தமானவற்றில் மிகுதியாகவும், மற்றவற்றில் இணையாகவும் சேர்க்கப்படுகின்றன. சுத்தமல்லாதது என்பதற்காக எதுவும் வெளியே நிறுத்தப்படவில்லை. வயிற்றினால் நகர்வன அனைத்தும் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின்படி அருவருப்பானவை, உண்ணத்தகாதவை. ஆனால் உண்ணத்தகாதது என்பது வாழத்தகாதது என்றாகாது. எதைக் காப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை நோவாவுக்கு அளிக்கப்படவில்லை. வெள்ளம் வடிந்தபின் கடவுள் செய்யும் உடன்படிக்கையும், ஒன்பதாம் அதிகாரத்தின்படி, மாந்தரோடு மட்டும் நில்லாமல் உயிருள்ள அனைத்தோடும் செய்யப்படுகிறது. முன்னரே சபிக்கப்பட்ட பாம்பும் அவ்வுடன்படிக்கையின் உறுப்பினரே.

ஏசாயாவின் காட்சியும் இவ்வாறே. பதினோராம் அதிகாரத்தில் குழந்தை விரியனின் வளையருகே விளையாடுகிறது. அந்தப் பரிசுத்த மலையில் பாம்பு ஒழிக்கப்படவில்லை; தீங்கு ஒழிகிறது. அறுபத்தைந்தாம் அதிகாரத்தில் பாம்புக்கு மண்ணே உணவாக எஞ்சுவதைக் காண்போர், சாபத்தின் நிழல் அங்கும் நீடிப்பதாக வாதிடலாம். அப்போதும் பாம்பு அங்கே இருக்கிறது.

சுவிசேஷக் கிறிஸ்தவர் சிலர் இதனை அரசியல் அரங்கிலும் கூறத் துணிந்தனர். 1996ஆம் ஆண்டு, அமெரிக்கப் பாராளுமன்றத்தில் இச்சட்டத்தைத் தளர்த்தும் முயற்சி நடந்துகொண்டிருந்தபோது, சுவிசேஷகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பைச் சேர்ந்தோர் அதற்கு எதிராக இயக்கம் நடத்தினர். விஸ்கான்சின் பல்கலைக்கழக விலங்கியலாளரும் விசுவாசியுமான கால்வின் டிவிட் அதில் முன்னணியில் நின்றார். இச்சட்டமே இக்காலத்து நோவாவின் பேழை என்பது அவர்களுடைய வாதம். அரசு இயற்றிய சட்டத்தைப் பேழை என்று அழைப்பது சற்று மிகைதான். பேழையில் ஏற விண்ணப்பம் தேவைப்படவில்லை. எனினும் அவர்கள் வேதபகுதியைச் சரியாகவே படித்தனர் என்போம்.

நம் நாட்டு ஆயர் ஒருவர் இங்கே மறுப்புரைக்கலாம். ஈரி ஏரிப் பாம்புக்கு நஞ்சில்லை. நம் உழவர்களைக் கடிப்பவை நஞ்சுள்ளவை. 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, 2000ஆம் ஆண்டிலிருந்து 2019ஆம் ஆண்டுவரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். இந்தத் துயரை ஒதுக்கிவிட்டுப் பாம்பின் உரிமை பேசுவது ஏழையின்மேல் கல்லெறிவதற்கு ஒப்பாகும். இம்மறுப்பின் நியாயத்தை நாம் முழுமையாக ஏற்கிறோம். ஆனால் அவ்வுயிர்களைக் காப்பது நச்சுமுறி மருந்தும், விரைவாகச் சென்றடையக்கூடிய மருத்துவமனையும், இரவில் கைவிளக்கும், காலுக்குச் செருப்புமே. நச்சுமுறி மருந்து பாம்பின் நஞ்சிலிருந்தே செய்யப்படுகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டுமுதல் செய்துவரும் பணி இதற்குச் சான்று. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர்.

மீண்டும் ஈரி ஏரிக்கு வருவோம். 2003ஆம் ஆண்டில் வெளியான மீட்புத் திட்டம் மூன்று அளவுகோல்களை வகுத்தது. வளர்ந்த பாம்புகள் மொத்தத்தில் 5,555க்குக் குறையாமல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து இருக்கவேண்டும். கரையும் உட்பகுதியும் குறிப்பிட்ட அளவுக்கு நிலையான பாதுகாப்புப் பெறவேண்டும். மூன்றாவதாக, மனிதர் கையால் நேரும் சாவு குறையவேண்டும். முதலிரண்டை எண்ணலாம், அளக்கலாம். மூன்றாவது மக்களின் மனத்தைப் பொறுத்தது. ஆகவே ஆய்வாளர் பாம்புகளை எண்ணியதோடு நில்லாமல் தீவினரிடம் சென்று, பாம்பைக் கண்டால் என்ன செய்வீர் என்று கேட்டு, விடைகளையும் சான்றாக வைத்தனர். நார்தர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு கிங் என்பாரும், அவரிடம் பயின்ற கிறிஸ்டின் ஸ்டான்ஃபோர்டு என்னும் அம்மையாரும் ஆண்டுதோறும் கரைகளில் பாம்புகளைக் கையால் பிடித்து அடையாளமிட்டனர். அவ்வம்மையார் பள்ளிப்பிள்ளைகளிடமும் வீட்டுக்காரரிடமும் பேசிப்பேசியே தீவின் பாம்பு அம்மாள் என்று பெயர்பெற்றுவிட்டார். நீர்ப்பாம்புக்கு இங்கே வரவேற்பு உண்டு என்ற அறிவிப்புப் பலகைகளைச் சிலர் தம் கரையிலேயே நட்டனர்.

2010ஆம் ஆண்டு மதிப்பீட்டில் எண்ணிக்கை ஏறத்தாழ 12,000 ஆயிற்று. மறு ஆய்வில் அதே ஐந்து காரணங்களும் மீண்டும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாம்பு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காவலை அளிப்பதற்குக் கேட்ட அதே வினாக்களைக் காவலை விலக்கும்போதும் கேட்கவேண்டும் என்பது இச்சட்டத்தின் நேர்மை.

இதில் நாம் மறைக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. மனமாற்றம் மட்டுமே இப்பெருக்கத்திற்குக் காரணமன்று. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சார்ந்த உளுவை மீன் வகையொன்று, கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றிவரும் நீரோடு வந்து, 1990களில் ஈரி ஏரியில் பரவியது. ஏரியின் பழைய மீன்களுக்கு அது பெரும் தொல்லை. பாம்புக்கோ வற்றாத விருந்து. அதன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இம்மீனே ஆகிவிட்டது. பாம்புகள் விரைந்து வளர்ந்தன, மிகுதியாகக் குட்டி ஈன்றன. உளுவை வராதிருந்தால் தீவினரின் பொறுமை மட்டும் போதியிருக்குமா என்பதை எந்தக் கணக்கும் பிரித்துக் காட்டாது. நீக்கப்பட்ட இனத்தைக் குறைந்தது ஐந்தாண்டுகள் கண்காணிக்கவேண்டும் என்று சட்டம் விதிப்பது இத்தகைய ஐயங்களுக்காகவே. கேடு மீண்டும் தோன்றினால் மீண்டும் பட்டியலில் சேர்க்கவும் அதில் வழியுண்டு; அதற்கும் எவரேனும் ஒருவர் விண்ணப்பம் எழுதினால் போதும்.