பெருந்தொற்றும் உறுப்புக் கொடையும்

கரோனா பெருந்தொற்றின் இழப்புகளை உயிரிழந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். அந்தக் கணக்கில் சேராத ஓர் இழப்பும் உண்டு. தமிழ்நாட்டில் 2019-இல் மூளைச்சாவு அடைந்த 120-க்கும் மேற்பட்டோரின் உறுப்புகள் கொடையாகக் கிடைத்தன. 2020-இல் அந்த எண்ணிக்கை 55 ஆகச் சரிந்தது. உறுப்புக்காகக் காத்திருந்தவர்களின் காத்திருப்பு நீண்டது.

பொதுமுடக்கத்தில் சாலை விபத்துகள் குறைந்ததே இதற்குக் காரணம் என்பர். அது பாதி உண்மைதான். மாநிலத்தில் 2019-இல் 10,500-ஐத் தாண்டிய சாலை விபத்து மரணங்கள், 2020-இல் ஏறத்தாழ 8,000 ஆகக் குறைந்தன. அதாவது, சரிவு கால் பங்குதான். உறுப்புக் கொடையோ பாதிக்கும் கீழே போயிற்று. எஞ்சிய காரணங்களை மருத்துவமனைக்குள்தான் தேட வேண்டும்.

மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். அதுவரை செயற்கை சுவாசக் கருவியின் துணையுடன் உடலைப் பேண வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் மருத்துவர்களும் கரோனா நோயாளிகளுக்கே போதாதபோது இது எளிதன்று. உறவினரை நேரில் சந்தித்து ஆறுதல் கூறிச் சம்மதம் பெறவும் தடைகள் இருந்தன. கொடையாளிக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் உறுப்புகளை எடுக்க இயலாத நிலையும் அப்போது இருந்தது.

உறுப்பைப் பெறுவோருக்கும் அச்சம் இருந்தது. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க, நோய் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். தொற்றுக் காலத்தில் அதுவே ஆபத்து. அதனால் உயிருடன் இருப்போர் அளிக்கும் சிறுநீரகத்தைப் பொருத்தும், அவசரமற்ற அறுவை சிகிச்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன. ஆனால், வாரம் இருமுறையோ மும்முறையோ ரத்தச் சுத்திகரிப்புக்கு வெளியூர் செல்லும் கிராமத்து நோயாளிக்குப் பேருந்து இல்லாத அந்த வாரங்களும் ஆபத்தானவையே.

பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் விருதுநகர் மாவட்டத்தவன் என்ற முறையில் எனக்கு மற்றொரு கவலையும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்திலும் இங்கு வெடிவிபத்துகள் ஓயவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடுமையான தீக்காயத்தில் உடலின் நீர் வெளியேறுவதையும் கிருமித் தொற்றையும் தடுக்க, கொடையாகப் பெற்ற தோல் தற்காலிகப் போர்வையாக உதவுகிறது. வெடியில் கருவிழி சேதமுற்றவருக்குக் கண் கொடை கைகொடுக்கலாம்.

தோலையும் கருவிழியையும் அளிக்க மூளைச்சாவு தேவையில்லை. இயல்பான மரணத்துக்குப் பின்னும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கலாம். தீவிர சிகிச்சைப் படுக்கையும் வேண்டாம். தோலுக்கு ரத்தப் பிரிவு பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. தொடையிலும் முதுகிலும் மெல்லிய அடுக்கு மட்டுமே எடுக்கப்படுவதால் உடல் உருக்குலைவதில்லை. இதைப் பலர் அறியாததால்தான் துக்க வீட்டில் இந்தப் பேச்சே எழுவதில்லை.

உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அவ்வாண்டு 178 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை, 2024-இல் 268 ஆக உயர்ந்தது. மகிழ்ச்சிக்குரிய மீட்சிதான். ஆனால், அடுத்த பெருந்தொற்று வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் நிலை கூடாது.

மூளைச்சாவை உறுதி செய்யும் குழுவையும் சம்மதம் பெறும் ஆலோசகர்களையும் நெருக்கடிக் காலத்தில் வேறு பணிக்கு மாற்றலாகாது. 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு, தோலையும் கருவிழியையும் பெறும் குழு இரவு பகலாக இயங்க வேண்டும். தீக்காய அபாயத்துடன் அன்றாடம் வேலைக்குச் செல்லும் மக்களுக்கு இது சலுகையன்று, உரிமை.