உழைச்செல்வார் பணி

மருந்து என்பது குளிகையும் குடிநீரும் மாத்திரமன்று என்பது வள்ளுவர் கொள்கை. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்னும் நான்கும் கூடியதையே அவர் மருத்துவம் எனக் கொண்டார். மருந்ததிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போது முதல் மூன்றையும் மாணவர் எளிதிற் பற்றிக்கொள்வர். நான்காவதில் சற்றுத் தயங்குவர். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று பணி புரிபவர் உழைச்செல்வார். இன்றைய வழக்கிற் கூறின், தாதியர்.

அச்சொற்களையும் இங்கே சிறிது நோக்கலாம். நாம் தாதியர் என்கிறோம். தமிழகத்தார் செவிலியர் என்கின்றனர். அகப்பொருள் நூல்களில் வருஞ் செவிலி, தலைவியை வளர்த்தெடுத்தவள். அவள் பணி வளர்த்தலோடு முடிவதில்லை. மணம் முடித்துச் சென்ற மகளின் மனைக்குப் போய், அவள் இல்லறம் நடத்தும் பாங்கை நேரிற் கண்டு வந்து, நற்றாய்க்கு எடுத்துரைப்பவளும் அவளே. சென்று காணல், கண்டதை உரைத்தல் என்னும் இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப் புகுவது விளங்கும்.

இலங்கையில் இன்று நிகழும் மரணங்களுள் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை தொற்றாநோய்களால் நேர்வன. அவற்றுள் மாரடைப்பும் பாரிசவாதமும் முன்னிற்பன. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, குருதியில் மிகுந்த கொழுப்பு, புகைத்தல், உடற்பருமன் ஆகியன அவற்றுக்கு வாயில் திறப்பன. உடற்பருமன் தென்னாசிய மக்களுக்கு மற்றையோரினுங் குறைந்த நிறையிலேயே தீங்கு விளைக்கத் தொடங்குகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, உடற்றிணிவுச் சுட்டி 23 ஐ எட்டியதுமே ஆசியர் விழிப்படைய வேண்டுமென 2004 இல் அறிவித்தது. பொதுவாக வழங்கும் எல்லை 25. நிறையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் நிறையை வகுத்தால் வருவது இச்சுட்டி. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஒருவர் ஏறத்தாழ 63 கிலோகிராமில் அவ்வெல்லையை மிதித்துவிடுகிறார். இடுப்பின் சுற்றளவுக்கும் கணக்குண்டு: நம்மவருள் ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றர், மகளிர்க்கு 80. இதனை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்கள் தத்தம் இடுப்புவாரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்களாக.

என்னோடு பதினோராண்டு ஒரே ஆசிரியர் அறையில் இருந்த வரலாற்றாசிரியர் ஒருவர், தமது ஐம்பத்திரண்டாவது வயதில், இரண்டாந் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் காலமானார். அவருடைய கைப்பையில் வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டொன்று இருந்தது. குளிகையின் பெயர், அதன்கீழ் ‘நிறையைக் குறைக்கவும்’ என இரண்டு சொற்கள். எழுதியவரைக் குறைகூற இடமில்லை. வெளிநோயாளர் வரிசை வாசலைக் கடந்து வெயிலில் நிற்கும்போது, ஒருவருக்கு இரண்டு சொல்லுக்கு மேல் எழுத அவருக்கு நேரமேது? ஆயினும் அவ்விரண்டு சொல்லையும் ஒருவன் தன் சோற்றிலும் தேநீரிலும் நடையிலும் உறக்கத்திலும் எவ்வாறு நிறைவேற்றுவது? அதனை யார் அவனுக்குச் சொல்வது? எத்தனை முறை சொல்வது?

இவ்வினாவுக்கு ஸ்கொட்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் ஒரு விடை கிடைத்தது. அங்கே 1990 களில் அபர்டீன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், 19 குடும்ப வைத்திய நிலையங்களைச் சேர்ந்த 1343 பேரை ஆராய்ந்தனர். அனைவரும் இதயத்துக் குருதிக்குழாய் நோய் கண்டவர்கள்; எண்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களை ஒரு பக்கமுஞ் சாராத வகையில் இரண்டு கூறாகப் பிரித்தனர். ஒரு கூற்றினர் தாதியர் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு ஓராண்டு வருமாறு அழைக்கப்பட்டனர். மற்றவர் வழமைபோலத் தம் வைத்தியரிடஞ் சென்றுவந்தனர்.

தாதியர் செய்தது என்ன? புதிய மருந்தொன்றையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அஸ்பிரின் ஒழுங்காக எடுக்கப்படுகின்றதா என்று கேட்டனர். குருதியமுக்கமும் கொலஸ்ரோலும் எல்லைக்குள் நிற்கின்றனவா என்று பார்த்து, நில்லாவிடின் வைத்தியருக்கு அறிவித்தனர். என்ன உண்கிறீர், எவ்வளவு நடக்கிறீர், புகைக்கிறீரா என்று வினவினர். பின்னர், மறுமுறை வருதற்கு நாள் குறித்துக் கொடுத்தனர். இவ்வளவே. சராசரி 4.7 ஆண்டுகள் கழிந்தபின் கணக்கெடுத்தபோது, வழமைபோலச் சென்றவருள் 128 பேரும், தாதியரிடஞ் சென்றவருள் 100 பேரும் இறந்திருந்தனர். இரு கூறுந் தொகையில் ஏறத்தாழச் சமமானவை. 2003 இல் இக்கணக்குப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. இருபத்தெட்டு வீடுகளின் வாழ்வு அந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது. புகைத்தலைக் கைவிடச் செய்வதில் மட்டும் தாதியர் முயற்சி பயன்தரவில்லை என்பதையும் அவ்வாராய்ச்சியாளர் மறையாது எழுதினர்.

அது நோய் வந்தபின் காத்தது. நோய்க்கு முன்னே நிற்கும் பருமனைக் குறைக்க, பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டளவிற் கவுண்டர்வெயிற் என்னும் திட்டந் தொடங்கிற்று. 65 குடும்ப வைத்திய நிலையங்களின் தாதியரை உணவியலாளர் பயிற்றி, அருகிருந்து வழிகாட்டினர். நாளாந்த உணவிற் சக்தியை 500 முதல் 600 கலோரி வரை குறைத்தல். முதல் மூன்று மாதங்கள் அடிக்கடி சந்தித்தல். பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்தல். இலக்கு, உள்ள நிறையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைதல். சேர்ந்தோர் 1906 பேர். 2008 இல் வெளிவந்த அறிக்கையின்படி, ஓராண்டு முடிவில் வந்து நிறுத்துக்கொண்டவர்கள் சராசரியாக 3 கிலோகிராம் குறைந்திருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 31 பேரளவில் ஐந்து வீதம் என்னும் இலக்கை எட்டியிருந்தனர். ஆனால் ஓராண்டு நிறைந்தவருட் பாதிக்கு மேற்பட்டோர் அந்நிறுவைக்கு வரவேயில்லை. வராதோர் எந்நிலையில் இருந்தனரோ!

மூன்று கிலோகிராம் என்றதும் சிலர் நகைக்கக்கூடும். பத்திரிகைகளில் ‘முப்பது நாளில் முப்பது கிலோ’ விளம்பரங்களைப் படித்துப் பழகியவர்க்கு அது அற்பமாகவே தோன்றும். நூறு கிலோகிராம் உள்ளவர் ஐந்து குறைந்தாலே குருதியமுக்கமும் சீனியும் இறங்கத் தொடங்கும் என்பதை அவ்விளம்பரங்கள் சொல்வதில்லை. மேலும், அம்முறையையே கடுமையாக்கி, 49 வைத்திய நிலையங்களில் தாதியரையும் உணவியலாளரையுங் கொண்டு நடத்திய இன்னோர் ஆராய்ச்சி 2017 இல் வெளியாயிற்று. சில மாதங்கள் நாளுக்கு 850 கலோரியளவான நீருணவு மாத்திரம் கொடுத்து, பின்னர் படிப்படியாக வழமையான உணவுக்குக் கொண்டுவந்தனர். ஆறாண்டுக்குட்பட்ட நீரிழிவுள்ளோருள் நூற்றுக்கு 46 பேர், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோய்நிலை நீங்கியிருந்தனர். வழமைச் சிகிச்சையில் அது நூற்றுக்கு நான்கு. இதனை வீட்டில் தாமே செய்துபார்க்க எவரும் முற்படலாகாது. மருந்துகளை நிறுத்துவதும் தொடங்குவதும் வைத்தியர் கண்காணிப்பில் நடக்கவேண்டியவை.

தாதியர் கையாளும் முறையை நான் நேரிற் கண்டதுண்டு. எங்கள் கணித ஆசிரியர், ஊர் வைத்தியசாலையில் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போனபோது, துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கிருந்த தாதி எங்கள் பழைய மாணவி. நிறையையும் உயரத்தையும் இடுப்பையும் அளந்து எழுதிவிட்டு, “சேர், ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பியள்?” என்றார். “ஆறு இருக்கும் பிள்ளை.” “எத்தனை கரண்டி சீனி?” “ரெண்டு.” “ஒரு தேக்கரண்டி நாலு கிராம் எண்டு வைச்சால், மாதத்துக்கு எவ்வளவு வரும் சேர்?” கணக்கு ஆசிரியரிடங் கணக்குக் கேட்டால் விடுவாரா? ஒரு நாளைக்கு 48 கிராம், மாதத்துக்கு 1440 கிராம் என்று வாயிலேயே கூறினார், கூறியபின் மௌனமானார். தாதி அதற்குமேல் ஒன்றுஞ் சொல்லவில்லை. “அடுத்த முறை வரேக்க எத்தனை கரண்டியிலை நிக்கலாம் எண்டு நினைக்கிறியள்?” என்று கேட்டு, அவர் சொன்ன எண்ணையே அட்டையில் எழுதினார். விடையை மாணவன் வாயிலிருந்து வருவிக்கவேண்டும் என்று ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அதனை அன்று நான் எங்கள் மாணவியிடம் மீளப் படித்தேன்.

அவருக்கு ஓராண்டில் ஆறு கிலோகிராம் குறைந்தது. அவர் பட்ட தொல்லை பசியால் வந்ததன்று. “என்ன மாஸ்ரர், மெலிஞ்சு போனியள், ஏதும் வருத்தமோ?” என்னும் வினாவே அவரை வாட்டியது. சந்தையில் ஒருவர் கேட்பார். கோயில் வீதியில் இன்னொருவர் கேட்பார். நம் வழக்கில் உடம்பு வைத்தல் செழிப்பின் அடையாளம். மெலிதல் துன்பத்தின் அடையாளம். கொழுப்பு என்ற சொல்லோ இன்னும் இடர்ப்பாடானது. ‘உனக்குக் கொழுப்பு’ என்றால் அது வசை. அதே சொல்லை இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி ஒரு முதியவரிடம் எவ்வாறு கூறுவது? அந்நிலையத்துத் தாதி, ‘கொழுப்புக் கூடியிருக்கு’ என்னாது, ‘இரத்தத்திலை எண்ணெய்த்தன்மை கூடியிருக்கு’ என்று சொல்வதைக் கேட்டேன். அறிவியற் கண்கொண்டு பார்த்தால் அது முழுதுஞ் சரியானதன்று. நோயாளி முகஞ் சுளியாது கேட்டார் என்பதால், பண்டிதனாகிய நானும் அச்சொல்லைத் திருத்தப் புகவில்லை.

இனி, யாரைப் பார்த்து உரைப்பது என்பதும் ஒரு கேள்வி. டென்மார்க், பிரான்சு, இத்தாலி, நெதர்லாந்து, போலந்து, ஸ்பெயின், சுவீடன், பிரித்தானியா ஆகிய எட்டு நாடுகளில் நடந்த யூரோஅக்சன் என்னும் திட்டம் 2008 இல் தன் முடிவுகளை வெளியிட்டது. அதனை ஒருங்கிணைத்தோர் தாதியர். நோயாளியோடு அவர்தம் வாழ்க்கைத் துணையையும் அழைத்து அமர்த்திப் பேசியமையே அதன் தனித்தன்மை. இதய நோயாளருள் குருதியமுக்கம் எல்லைக்குள் வந்தோர் அத்திட்டத்தில் நூற்றுக்கு 65. வழமைச் சிகிச்சையில் 55. பழமும் மரக்கறியும் மீனும் உண்பது கூடிற்று. யாழ்ப்பாணத்து அடுக்களையை அறிந்தவர்க்கு இதன் காரணத்தை நான் விளக்கவேண்டியதில்லை. புட்டுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ, சொதிக்கு எத்தனை பாற் தேங்காய், கருவாட்டுக் குழம்புக்கு மேலும் உப்பா என்பனவற்றைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் நிறுவைப் படியில் ஏறியவர் அல்லர். அடுப்படியில் நிற்பவரை விட்டுவிட்டு உண்பவருக்கு மட்டும் உபதேசஞ் செய்தல், வயலுக்கு வாய்க்கால் வெட்டாது நீருக்குக் கட்டளையிடுவது போலாகும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 இல் இலங்கையில் தொடங்கப்பட்டன. ஆரம்பத்தில் நாற்பது வயதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்டோர்க்கு. பின்னர் முப்பத்தைந்து வயதினர்க்கும் இடமளிக்கப்பட்டது. நிறையும் குருதியமுக்கமும் குருதிச் சீனியும் அங்கே கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. அடுத்த பத்தாண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு அட்டவணைகொண்டு கணிக்கப்படுகிறது. பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்னும் பதவியும் இப்பணியை ஒட்டி ஏற்பட்டது. வீடு தேடிச் செல்லும் முறையும் இங்கே சோதிக்கப்பட்டுள்ளது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் முப்பது கிராமச் சமூகங்களில், உயர் குருதியமுக்கமுள்ள 2645 பேரிடை நடந்த ஆராய்ச்சி 2020 இல் வெளியாயிற்று. இலங்கையில் வீடுகளுக்குச் சென்றவர்கள் நம் குடும்பநல மாதர். குருதியமுக்கத்தை அளந்தனர், உணவும் நடையும் பற்றிப் பேசினர், தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பினர். ஈராண்டு முடிவில், அவர்கள் சென்ற ஊர்களில் மேற்குருதியமுக்கம் மற்றைய ஊர்களினும் 5 அலகு கூடுதலாக இறங்கியிருந்தது. அகப்பாட்டின் செவிலி மனை தேடிச் சென்றது போன்ற செலவுதான் இது.

குறைகளும் உள. நிலையங்களுக்கு வருவோருட் பெரும்பாலார் பெண்கள். மாரடைப்புக்கு முந்திக்கொள்ளும் ஆடவரோ வருவதில்லை. எங்கள் ஊரில் நிலையம் திறந்திருக்கும் வேளை, ஆசிரியர் வகுப்பில் நிற்கும் வேளையாகவே இருக்கிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் கடல் கடந்து போயினர். எஞ்சியோருக்கும் இடமாற்றம் வருகிறது. பழகிய முகம் மாறினால் நோயாளி மறுமுறை போவதில்லை. மறுமுறையிலேதான் இப்பணி உயிர்பெறுகிறது என்பதை இடமாற்றப் பட்டியல் எழுதுவோர் எண்ணிப்பார்த்தல் நன்று. அதே ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில், மோட்டார் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டுத் துவிச்சக்கரவண்டியில் ஏறிய ஆசிரியர் பலர், பெற்றோல் வந்ததும் பழையபடி இறங்கிவிட்டனர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வரும் தவணையில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் அனைவரையும் துணைவரோடு வரச்செய்து, அத்தாதியைப் பாடசாலைக்கே அழைப்பதென எங்கள் ஆசிரியர் கழகம் தீர்மானித்திருக்கிறது. அழைக்கச் சென்றவர்களுள் நானும் ஒருவன். பரீட்சைக் காலம் வேண்டாம் என்றார். மூன்று மாதங் கழித்து இரண்டாவது நாளொன்றையும் இப்பொழுதே குறித்துத் தரவேண்டும் என்றார். மண்டபமா, வகுப்பறையா வசதி என்று கேட்டோம். எதுவானாலுஞ் சரி, நிறுவைப் படியைச் சுற்றி ஒரு சீலை மறைப்புக் கட்டிவிடுங்கள், எண்ணை உரக்க வாசிக்க ஒருவரும் பக்கத்தில் நிற்கவேண்டாம் என்றார்.